கணினி கேள்வி-பதில்: வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த பிரவுசர்?

நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் மலையிலிருந்தும் வந்த கடிதங்களில் பிரவுசர் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம் உள்ள டெஸ்க்டாப் வைத்திருக்கிறோம். பேங்க் வேலை, கரண்ட் பில், பையனின் பாடம், யூடியூப் எல்லாம் இதில்தான். குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ், பிரேவ், ஓபரா என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைப் போட்டால் பயமில்லாமல் இருக்கலாம்?
*வாசகர், கோத்தகிரி*

எட்ஜும் ஃபயர்பாக்ஸும் இரண்டும் இருக்கட்டும். எட்ஜை பேங்க், பில், டிக்கெட் என்று பணம் நடமாடும் வேலைக்கு மட்டும் ஒதுக்குங்கள். அதில் ஒரு எக்ஸ்டென்ஷன்கூட (பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் கூடுதல் மென்பொருள்) போடாதீர்கள். மற்றதெல்லாம் ஃபயர்பாக்ஸில் நடக்கட்டும். எட்ஜ் பிடிக்காது, குரோம்தான் பழக்கம் என்றால் அந்த இடத்தில் குரோமை வைத்துக்கொள்ளுங்கள், குடி முழுகிவிடாது.

குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி ஐந்துக்கும் உள்ளே ஓடும் எஞ்சின் ஒன்றுதான், குரோமியம். அதில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் ஐந்திலும் அது இருக்கும். முதலில் அடைப்பது பெரும்பாலும் கூகுள், மற்றவர்கள் பின்னாலேயே வருவார்கள். ஃபயர்பாக்ஸின் எஞ்சின் தனி. அதனால்தான் எஞ்சினுக்கு ஒன்றாக இரண்டு வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். ஒன்றில் ஏதாவது தளம் திறக்க மறுத்தாலும் மற்றது கைகொடுக்கும்.

பணத்துக்கென்று தனி பிரவுசர் எதற்கு? எக்ஸ்டென்ஷன் போடும்போது 'எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' என்று ஒரு அனுமதி கேட்கும். நாம் பார்க்காமல் ஓகே தட்டிவிடுகிறோம். அந்த 'எல்லா' தளங்களில் உங்கள் பேங்க் பக்கமும் அடக்கம். நல்ல எக்ஸ்டென்ஷன்களையே வேறு ஆட்கள் விலைக்கு வாங்கி, அடுத்த அப்டேட்டில் விஷமத்தனமான நிரலை நுழைத்த கதைகள் உண்டு. எக்ஸ்டென்ஷனே இல்லாத பிரவுசரில் இந்தத் தொல்லை கிடையாது.

பிரேவில் விளம்பரத் தடுப்பு உள்ளேயே வருகிறது, மோசமில்லை. கூடவே வரும் கிரிப்டோ பர்ஸ் வகையறாவை அணைத்துவிட வேண்டும். ஓபரா 'இலவச விபிஎன்' என்று சொல்வது பிரவுசருக்குள் மட்டும் வேலை செய்யும், கம்ப்யூட்டர் முழுவதற்கும் அல்ல. யுசி பிரவுசரை 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்தது. அதன் பழைய டெஸ்க்டாப் பதிப்பு இன்னும் எங்காவது கிடந்தால் எடுத்துவிடுங்கள்.

இறக்கும் இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தேடுபொறியில் 'குரோம் டவுன்லோடு' என்று அடித்தால் மேலே 'ஸ்பான்சர்டு' என்று வருவது காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். அதன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. எட்ஜ் விண்டோஸிலேயே இருக்கிறது. ஃபயர்பாக்ஸுக்கு 'மொஸில்லா.ஓஆர்ஜி' முகவரியை நேராக அடியுங்கள், அல்லது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் எடுங்கள். இறங்கிய ஃபைலை ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்டீஸ்' போய் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' டேபைத் திறந்தால், ஃபயர்பாக்ஸ் என்றால் 'மொஸில்லா கார்ப்பரேஷன்' என்றும் குரோம் என்றால் 'கூகுள் எல்எல்சி' என்றும் இருக்க வேண்டும். அந்த டேபே இல்லையா? ஃபைலை அழித்துவிடுங்கள்.

போட்டதோடு வேலை முடியவில்லை. அப்டேட் தானாக இறங்கினாலும், பிரவுசரை மூடித் திறந்தால்தான் அது அமலுக்கு வரும். கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்யாமல் 'ஸ்லீப்' போட்டுப் போட்டே வைத்திருக்கும் வீடுகளில் பிரவுசர் வாரக்கணக்கில் பழசாகவே ஓடிக்கொண்டிருக்கும். குரோமில் வலது மேல் மூலையில் அப்டேட் அறிவிப்பு பச்சையில் வந்தால் அப்டேட் வந்து இரண்டு நாளுக்குள், ஆரஞ்சு என்றால் நான்கு நாள், சிவப்பு என்றால் ஒரு வாரத்துக்கு மேல் என்று அர்த்தம். எட்ஜில் மூன்று புள்ளி, 'ஹெல்ப் அண்ட் ஃபீட்பேக்', 'அபவுட்' போனால் அங்கேயே சரிபார்த்து 'ரீஸ்டார்ட்' கேட்கும். ஃபயர்பாக்ஸில் மூன்று கோடு, 'ஹெல்ப்', 'அபவுட் ஃபயர்பாக்ஸ்'.

ரேம் 4 ஜிபி என்பதால் இரண்டு பிரவுசரையும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டாம். ஃபயர்பாக்ஸில் 'யுபிளாக் ஆரிஜின்' என்ற ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் போதும். விளம்பரமும் விளம்பர வீடியோவும் இறங்காததால் பக்கங்கள் இலகுவாகும். போடும் முன் எழுதியவர் பெயர் 'ரேமண்ட் ஹில்' என்று இருக்கிறதா பாருங்கள். 'ஆரிஜின்' இல்லாமல் வெறும் 'யுபிளாக்' என்று இருப்பது வேறு ஆள். குரோமில் இதன் முழுப் பதிப்பு இப்போது ஓடாது, 'லைட்' பதிப்புதான்.

ஃபயர்பாக்ஸ் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'எச்டிடிபிஎஸ்-ஒன்லி மோடு' (பாதுகாப்பான இணைப்பை மட்டும் ஏற்பது) என்பதை எல்லா விண்டோவுக்கும் போடுங்கள். டிராக்கிங் தடுப்பு 'ஸ்டாண்டர்டு' நிலையிலேயே இருக்கட்டும். 'ஸ்ட்ரிக்ட்' வைத்தால் சில கட்டணப் பக்கங்கள் ஓடிபி கட்டத்தில் வெள்ளையாக நின்றுவிடும்.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எட்ஜுக்கு விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பில் குறைந்தது 2028 அக்டோபர் வரை அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. பிரவுசர் புதுசாக இருந்தும் அடியில் உள்ள விண்டோஸ் பழசானால் பாதிப் பாதுகாப்புதான். வீட்டு உபயோகத்துக்கான பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை உண்டு. செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தில் 'என்ரோல்' என்று வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு கேட்காது.

எங்கள் பகுதியில் மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் நாள் கணக்கில் இருக்காது. வந்த பிறகு கம்ப்யூட்டரைப் போட்டால் எந்தப் பக்கம் திறந்தாலும் 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று சிவப்பாக வருகிறது. பிரவுசரை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டும் சரியாகவில்லை. வைரஸா?
*வாசகி, கூடலூர்*

வைரஸ் இல்லை, பிரவுசரிலும் குற்றமில்லை. திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருக்கும்.

ஒவ்வொரு பாதுகாப்பான தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். கம்ப்யூட்டரின் காலண்டர் 2015-ஐக் காட்டினால், போன மாதம் வழங்கிய சான்றிதழ் 'இன்னும் பிறக்காதது' ஆகிவிடுகிறது. பிரவுசர் சந்தேகப்படுவது நியாயம்தான். எல்லாத் தளங்களிலும் ஒரே நேரத்தில் இந்த எச்சரிக்கை வந்தால் முதலில் தேதியைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரே ஒரு தளத்தில் மட்டும் வந்தால் கோளாறு அந்தத் தளத்தில்.

தேதி ஏன் போகிறது? மதர்போர்டில் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி இருக்கிறது. சுவிட்ச் போர்டில் கரண்ட் இருக்கும்வரை, கம்ப்யூட்டர் ஷட் டவுன் ஆகியிருந்தாலும், கடிகாரத்துக்கு பவர் சப்ளையே கொடுத்துவிடும். பேட்டரிக்கு வேலை இல்லை. கரண்ட் அறவே நின்றால் பேட்டரிதான் சுமக்க வேண்டும். இடிக்குப் பயந்து தினமும் ராத்திரி பிளக்கைப் பிடுங்கி வைக்கும் வீடுகளில் அது சீக்கிரம் தீர்வது இதனால்தான். அதற்காகப் பிடுங்குவதை நிறுத்தாதீர்கள், பேட்டரியைவிட மதர்போர்டு விலை அதிகம்.

மாற்றுவது சுலபம். ஷட் டவுன் செய்து பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, ஏதாவது இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் உள்ள ஸ்டாட்டிக் போய்விடும். பேட்டரியைப் பிடித்திருக்கும் சின்ன உலோக நாக்கைச் சிறு ஸ்க்ரூடிரைவரால் தள்ளினால் பேட்டரி மேலே எழும்பும். புதியதைப் பிளஸ் குறி மேலே தெரியும்படி அழுத்துங்கள். ஈரக் காற்றில் அந்த நாக்கில் பச்சை பூத்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

பிறகு ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டின் செட்டிங்ஸ்) தேதி, நேரம் வையுங்கள். விண்டோஸ் திறக்காமல் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனால், பயாஸில் 'சாட்டா மோடு' (டிஸ்க்கோடு பேசும் முறை) மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 'ஏஎச்சிஐ', 'ஐடிஇ', 'ரெய்டு' இவற்றில் முன்பு எது இருந்ததோ அதற்கே மாற்றுங்கள்.

பேட்டரி வாங்க டவுனுக்குப் போகும்வரை அவசரத்துக்கு விண்டோஸ் செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' போய்த் தேதியைக் கையால் சரிசெய்யுங்கள். பிறகு 'சிங்க் நவ்' தட்டுங்கள். வருடக்கணக்கில் வித்தியாசம் இருக்கும்போது வெறும் 'சிங்க் நவ்' பல நேரம் வேலை செய்யாது. டைம் ஜோனில் 5:30 இருக்க வேண்டும். அதைவிட்டு 'அட்வான்ஸ்டு', 'ப்ரொசீட்' என்று தட்டித் தட்டி உள்ளே போகும் பழக்கம் மட்டும் வேண்டாம். நிஜமான எச்சரிக்கை வரும் நாளிலும் கை தானாக அதைத் தட்டிவிடும்.

ஹோம்ஸ்டே நடத்துகிறோம். வருகிற விருந்தினர்களுக்கு இ-பாஸ் நாங்களே எடுத்துத் தருவதுண்டு. தேடினால் ஒரே மாதிரி பல தளங்கள் வருகின்றன. பூட்டு அடையாளம் இருந்தால் நம்பலாமா?
*வாசகர், கொடைக்கானல்*

நம்பக் கூடாது. பூட்டு சொல்வதெல்லாம், உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்பதுதான். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் யோக்கியனா என்று அது சொல்லாது. சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, திருடனும் சில நிமிடத்தில் வாங்கிவிடுவான். ஜனங்கள் பூட்டைப் பார்த்து ஏமாறுவதால்தான் குரோம் 2023-இல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டு இரண்டு கோடுகள் போன்ற அடையாளத்தை வைத்தது.

பார்க்க வேண்டியது முகவரியை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2024-இல் அதற்காக அறிவித்த தளம் 'இபாஸ்.டிஎன்இஜிஏ.ஓஆர்ஜி' (டிஎன்இஜிஏ என்பது தமிழ்நாடு மின்னாளுமை முகமை); இப்போதைய முகவரியை மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பில் உறுதிசெய்துகொள்ளுங்கள். படிக்கும் முறை இது: முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இடப்பக்கம் திரும்பி வாருங்கள். கடைசி இரண்டு துண்டுகளான 'டிஎன்இஜிஏ', 'ஓஆர்ஜி' ஆகியவைதான் தளத்தின் சொந்தக்காரர். நடுவில் ஹைஃபன் போட்டு 'டிஎன்இஜிஏ-கொடை-பாஸ்.காம்' என்று ஒன்று வந்தால் அதன் சொந்தக்காரர் வேறு எவரோ. 'அரசுத் தளம் என்றால் ஜிஓவி.இன் என்றுதான் முடியும்' என்ற விதி அந்த முகவரிக்குப் பொருந்தவில்லை. அரசு இன்னும் கொஞ்சம் யோசித்து வைத்திருக்கலாம்.

இ-பாஸுக்குக் கட்டணம் கிடையாது. கார்டு விவரம் கேட்கும் பக்கம் எதுவானாலும் மூடிவிடுங்கள். விருந்தினர் மலை ரயில் டிக்கெட் கேட்டால் ஐஆர்சிடிசி தளம் 'ஐஆர்சிடிசி.சிஓ.இன்' மட்டுமே. அங்கே கடைசி மூன்று துண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும், 'சிஓ.இன்' என்பது பொது முடிவு. பேங்குகள் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. பேங்க் அல்லாதவர்களுக்கு அந்த முடிவு கிடைக்காது என்பதால் இது நல்ல அடையாளம்.

எட்ஜிலும் குரோமிலும் முகவரிப் பட்டையில் ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் ஷோ ஃபுல் யுஆர்எல்' போட்டால் முகவரி முழுசாகத் தெரியும். சரியான தளத்தை ஒருமுறை உறுதிசெய்து கன்ட்ரோல்+டி தட்டி புக்மார்க் செய்துவிடுங்கள். கன்ட்ரோல்+ஷிஃப்ட்+பி தட்டினால் புக்மார்க்குகள் மேலே வரிசையாக நிற்கும். ஆஃபீஸ் பையன் யார் வந்தாலும் அதையே தட்டச் சொல்லுங்கள். தேடுபொறிப் பக்கமே போக வேண்டாம்.

பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு ஃபோன். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

வலது கீழ் மூலையில் 'உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்' என்று நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. ஆன்டிவைரஸ் ஸ்கேன் செய்தால் ஒன்றுமில்லை என்கிறது.
*வாசகி, குன்னூர்*

ஆன்டிவைரஸ் சொல்வது சரி. ஏதோ ஒரு தளம் 'ரோபோ இல்லை என்று காட்ட அலோவ் தட்டுங்கள்' என்று கேட்டிருக்கும், யாரோ தட்டியிருப்பார்கள். அது நோட்டிஃபிகேஷன் அனுப்பும் உரிமை. குரோமில் 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று போங்கள். கீழே 'அலோவ்டு' பட்டியலில் தெரியாத பெயர்களையெல்லாம் 'ரிமூவ்' செய்யுங்கள். மேலே, இனி எந்தத் தளமும் இப்படிக் கேட்கவே கூடாது என்ற தேர்வை வையுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இந்த நோட்டிஃபிகேஷன் எதற்கும் தேவைப்படாது.

இதற்கு அண்ணன் ஒன்று உண்டு. திரை முழுவதும் நீலமாகி, சத்தம் போட்டு, 'மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்' என்று ஒரு நம்பர் காட்டும். மவுஸ்கூட நகராதது போலிருக்கும். அதுவும் வெறும் வெப் பக்கம்தான். எஸ்கேப் கீயைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். நகரவில்லையா, கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எஸ்கேப், பிரவுசர் பெயரைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்'. மறுபடி திறக்கும்போது 'ரீஸ்டோர் பேஜஸ்' கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதே பக்கம் வந்து நிற்கும். அந்த நம்பருக்கு ஏற்கெனவே பேசி, அவர்கள் சொன்ன ஆப்பையும் போட்டுவிட்டிருந்தால் முதலில் நெட்டைத் துண்டியுங்கள், ஆப்பை நீக்குங்கள், வேறு ஃபோனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், பேங்குக்குச் சொல்லுங்கள்.

விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. எந்த பிரவுசர் போடலாம்?
*வாசகர், பண்ணைக்காடு*

ஓடுகிறது, ஆனால் குரோமும் எட்ஜும் விண்டோஸ் 7-க்கு 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டன. அது 2023 ஜனவரி. அதன் பிறகு கண்டுபிடித்த ஓட்டைகள் எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் திறந்தே கிடக்கின்றன. ஃபயர்பாக்ஸ் 115 என்ற நீண்டகாலப் பதிப்பை மட்டும் மொஸில்லா அந்தப் பழைய விண்டோஸுக்காகத் தவணை தவணையாக நீட்டித்து வந்தது. அதற்கு அப்டேட் வரும்வரை இடைக்காலத்துக்கு அதைப் போடலாம், பேங்க் வேலை மட்டும் வேண்டாம்.

நிரந்தர வழி, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மின்ட், அதில் 'எக்ஸ்எஃப்சிஇ' வகை. குறைந்தது 2 ஜிபி ரேம் வேண்டும், 4 இருந்தால் சௌகரியம். ஃபயர்பாக்ஸ் உள்ளேயே வரும், அப்டேட்டும் ஒழுங்காகக் கிடைக்கும். படங்களையும் கணக்குகளையும் முதலில் வெளி டிரைவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வேறு கம்ப்யூட்டரில் 'ரூஃபஸ்' மென்பொருள் மூலம் 8 ஜிபி பென் டிரைவில் மின்ட்டை எழுதி, பழைய கம்ப்யூட்டரில் அதிலிருந்து பூட் செய்யுங்கள். இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, பிரின்டர், தமிழ் டைப்பிங் மூன்றும் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு இன்ஸ்டால் தட்டுங்கள். 'எரேஸ் டிஸ்க்' என்பது நிஜமாகவே எல்லாவற்றையும் அழித்துவிடும்.

பாஸ்வேர்டுகளை பிரவுசரிலேயே சேமிக்கலாமா? கம்ப்யூட்டரை வீட்டில் நான்கு பேர் பயன்படுத்துகிறோம்.
*வாசகி, உதகை*

நோட்டில் எழுதி மானிட்டருக்குப் பின்னால் ஒட்டுவதைவிட மேல். ஒரு லாபமும் உண்டு: போலித் தளத்தில் பிரவுசர் பாஸ்வேர்டைத் தானாக நிரப்பாது. நிரப்பவில்லையே என்றால் நீங்கள் முகவரியைத் திரும்பப் பார்க்க வேண்டும். ஆனால் விண்டோஸுக்கே பாஸ்வேர்டு இல்லாத கம்ப்யூட்டரில் சேமித்தால், உட்காருகிற எவரும் செட்டிங்ஸில் எல்லாவற்றையும் பார்க்கலாம். குரோமில் தனித்தனி புரொஃபைல் வைத்தாலும் ஒரு கிளிக்கில் மாறிக்கொள்ள முடியும், அது சுவர் அல்ல, திரைச்சீலைதான். விண்டோஸிலேயே ஆளுக்கொரு கணக்கு வையுங்கள், பிள்ளைகளுடையது 'ஸ்டாண்டர்டு' வகையாக இருக்கட்டும். ஃபயர்பாக்ஸில் 'பிரைமரி பாஸ்வேர்டு' என்று ஒன்று உண்டு, அதைப் போட்டால் சேமித்தவை பூட்டப்படும். மறந்தால் மீட்க வழியில்லை. பேங்க் பாஸ்வேர்டை எதிலும் சேமிக்க வேண்டாம்.

இன்காக்னிட்டோவில் பேங்க் வேலை பார்த்தால் கூடுதல் பாதுகாப்பா?
*வாசகர், தாண்டிக்குடி*

இல்லை. மூடியதும் ஹிஸ்டரியும் குக்கீயும் இருக்காது, அவ்வளவுதான். நெட் கொடுப்பவர், வைரஸ், எவருக்கும் அது மறைக்காது. இறக்கிய ஸ்டேட்மென்ட் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரில் அப்படியே கிடக்கும்.

அலுவலகத் தளம் ஒன்று 'இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்' என்கிறது.
*வாசகர், குன்னூர்*

எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூன் 15-இல் ஓய்வு பெற்றது. எங்கிருந்தாவது தேடிப் பிடித்து இறக்க வேண்டாம். எட்ஜில் 'செட்டிங்ஸ்', 'டிஃபால்ட் பிரவுசர்' போய், 'ஐஇ மோடில் தளங்களைத் திறக்க அனுமதி' என்பதை 'அலோவ்' ஆக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். கீழே அந்த ஒரு முகவரியை மட்டும் சேருங்கள். 30 நாளில் அது தானாக விலகிவிடும், திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும்.

மலையில் கேபிள் நெட் கிடையாது, ஃபோன் ஹாட்ஸ்பாட்தான். அப்டேட்டே டேட்டாவைத் தின்றுவிடுகிறது. பிரவுசர் அப்டேட்டை நிறுத்தலாமா?
*வாசகர், பூம்பாறை*

நிறுத்த வேண்டியது அதை அல்ல. பிரவுசர் அப்டேட் பெரும்பாலும் மாறிய பகுதியை மட்டும் இறக்கும். டேட்டாவை அள்ளுவது விண்டோஸ் அப்டேட்டும் தானாக ஓடும் வீடியோவும். ஹாட்ஸ்பாட்டில் இணைந்தபின் 'நெட்வொர்க்' செட்டிங்ஸில் அந்த இணைப்பின் 'பிராப்பர்டீஸ்' திறந்து 'மீட்டர்டு கனெக்‌ஷன்' போடுங்கள், விண்டோஸின் பெரிய அப்டேட்டுகள் காத்திருக்கும். மாதம் ஒருமுறையாவது பிளான் முடியும் தறுவாயில் 'மீட்டர்டு' தேர்வை எடுத்துவிட்டு, மிச்சமுள்ள டேட்டாவில் அந்த அப்டேட்டுகளை இறக்கிக்கொள்ளுங்கள். ஃபயர்பாக்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'பெர்மிஷன்ஸ்', 'ஆட்டோபிளே' போய் 'பிளாக் ஆடியோ அண்ட் வீடியோ' வையுங்கள். செய்தித் தளங்களில் மூலையில் தானாக ஓடும் வீடியோக்கள் பெரும்பாலும் நின்றுவிடும். யூடியூபில் தரத்தை 360-க்கு இறக்குவது இரண்டையும்விட அதிகம் மிச்சப்படுத்தும்.